இடிக்காமல் ஏன் வைத்திருக்கிறார்கள்?

புது வண்ணாரப்பேட்டைத் தம்பி ஒருவர், கம்பெனி வேலையாக மூன்று மாதம் பெர்லின் போய்வந்தவர், இப்படிக் கேட்டிருக்கிறார்: “அங்கே ஸ்டாசி என்ற கிழக்கு ஜெர்மனிக் காலத்து ரகசியப் போலீஸின் சிறையை அப்படியே வைத்து, டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். மனிதர்களை வதைத்த இடத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு, நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது கட்டினால் என்ன? நம்ம சென்ட்ரல் ஜெயிலை இடித்து மெடிக்கல் காலேஜுக்குக் கொடுத்தோமே, அது தப்பா?”

தப்பில்லை தம்பி. ஆஸ்பத்திரிக்கு இடம் வேண்டும் என்றால் அதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் நீங்கள் இரண்டு வேறு சரக்கை ஒரே தராசில் போடுகிறீர்கள். ஜெயில் வேறு, ரகசியப் போலீஸின் வீடு வேறு. அதைப் பிரித்துச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 31 வருஷம் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்துவிட்டு ராயபுரம் கல்மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டேன்.

கப்பல் துறைமுகத்தில் கட்டியதும் மற்றவர்கள் ஷாப்பிங் போவார்கள். நான் இந்த மாதிரி இடங்களைத் தேடிப் போவேன். எப்படித் தொற்றியது இந்தப் பழக்கம் என்றால், ஒரு பிங்பாங் பந்தால்.

பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சான் டெல்மோ என்று ஒரு பழைய பேட்டை. நம்ம ஜார்ஜ் டவுன் மாதிரி, குறுகல் தெரு, பழைய பால்கனி. அதன் ஓரத்தில் பசேயோ கொலோன் என்ற அகலமான சாலை. அதற்குக் குறுக்கே, தூண்கள் மேல் ஒரு எக்ஸ்பிரஸ் சாலை போகிறது. அந்தப் பாலத்தின் நிழலில் ஒரு பெரிய பள்ளம். முதலில் ஏதோ குழாய் வேலை என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் செங்கல் சுவர், தரை, சின்னச் சின்ன அறைகளின் அடிவரிசை.

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு அந்த இடத்திலிருந்த போலீஸ் பண்டகசாலையின் நிலவறையில் ஆட்களைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து அடைத்தார்கள். அந்த இடத்துக்குப் போலீஸ் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் ‘கிளப் அத்லெடிகோ’. விளையாட்டுக் கிளப்பாம். 1977 கடைசியில் காலி செய்தார்கள். பிறகு எக்ஸ்பிரஸ் சாலைக்காகக் கட்டடத்தை இடித்து, மேலே மண்ணைக் கொட்டி மூடினார்கள். முடிந்தது கதை. கேட்டால் காட்ட ஒரு சுவர் கிடையாது.

உயிரோடு வெளியே வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கண் கட்டியிருந்ததால் அவர்கள் பார்த்தது குறைவு, கேட்டதுதான் அதிகம். அவர்கள் சொன்னவற்றில் ஒன்று, காவல்காரர்கள் பக்கத்தில் பிங்பாங் ஆடுகிற சத்தம். டக், டக், டக். இந்தப் பக்கம் ஒருவரை வதைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஆட்டம். கேட்கிறவனுக்கு நம்பவா முடியும்? வலியில் காதில் விழுந்த ஏதோ ஒன்று என்பான். 2002-ல் அந்தப் பாலத்துக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தார்கள். மண்ணிலிருந்து வந்த பொருட்களில் ஒரு பிங்பாங் பந்தும் இருந்தது.

நம்ம மிண்ட் மேம்பாலத்துக்கு அடியில் அப்படி ஒரு பள்ளம் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். மேலே பஸ் போய்க்கொண்டிருக்கும். கீழே ஒருவர் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இதைத்தான் சொல்ல வந்தேன். இந்த இடங்களை நினைத்துப் பார்த்து அழ, மாலை போட, மெழுகுவத்தி ஏற்ற என்று வைத்திருக்கிறார்கள் என்பது பாதிதான். அதற்கு முன்னால் அவை சாட்சி. கோர்ட்டில் நிற்கிற சாட்சி.

சாதாரண ஜெயிலுக்கு ஒரு கேட் உண்டு. ரிஜிஸ்டர் உண்டு. உள்ளே போனவருக்கு நம்பர் உண்டு. நம்ம பக்கத்துப் பெண்கள் ‘மனு பார்க்கப் போறேன்’ என்று வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த மனுவுக்கு ஒரு நாள் உண்டு. எவ்வளவு மோசமான ஜெயிலாக இருந்தாலும் ‘என் பிள்ளை உள்ளே இருக்கிறான்’ என்று ஒரு தாய் அந்த மதிலைக் காட்டிச் சொல்ல முடியும். ரகசியப் போலீஸின் வீட்டில் இது எதுவும் கிடையாது. ‘அப்படி ஒரு இடமே இல்லை, அப்படி ஓர் ஆளை நாங்கள் பிடிக்கவே இல்லை’ என்பதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். லத்தி எல்லாம் அதற்கு அப்புறம். அந்த ஆயுதத்தை உடைக்க வேண்டுமானால் ‘இதோ இடம், இதோ படிக்கட்டு, இதோ கதவு’ என்று கை காட்ட முடிய வேண்டும்.

பியூனஸ் அயர்ஸிலேயே எஸ்மா என்று ஒரு வளாகம். கடற்படையின் மெக்கானிக் பள்ளி. என்னைப் போன்ற இன்ஜின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம், அதனால் எனக்குக் கூடுதலாகவே சுருக்கென்றது. அங்கே அதிகாரிகள் தங்கும் விடுதியின் மேல்மாடிப் பரணிலும் நிலவறையிலும் சுமார் 5,000 பேரை வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றிக் கடலிலும் ஆற்றிலும் தள்ளினார்கள். லா பிளாட்டா ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் எங்கள் கப்பல் உள்ளே போனது. தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு முறை அதே தண்ணீரில் ஒன்றும் தெரியாமல் போய்வந்திருக்கிறேன். 1978 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த ஸ்டேடியம் அந்த வளாகத்துக்குப் பக்கம்தான். கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் பரணில் கிடந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அந்த ஆட்டம் நடந்தது ஜூன் 25. நம்ம நாட்டில் நெருக்கடி நிலை வந்ததும் ஜூன் 25-தான், மூன்று வருஷம் முன்னால். சும்மா தேதிப் பொருத்தம்தான், இருந்தாலும் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

தப்பித்து வெளிநாடு போன சிலர், நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டையும் லிஃப்ட்டையும் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் விசாரிக்க வந்தது. வருவதற்கு முன்னால் கடற்படை என்ன செய்தது தெரியுமா? படிக்கட்டை எடுத்துவிட்டது. லிஃப்ட்டை எடுத்துவிட்டது. கைதிகளை ஆற்றுத் தீவு ஒன்றுக்கு மாற்றியது. அந்தத் தீவின் பெயர் ‘எல் சிலென்சியோ’, மௌனம். கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார், நிஜத்தில் அப்படித்தான் பெயர். வந்தவர்களிடம் ‘பாருங்கள், படியும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை, எல்லாம் கட்டுக்கதை’ என்று காட்டுவதற்கான ஏற்பாடு இது. ஆனால் கட்டடம் வேலை செய்தவனைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வான், ஒரு பைப் லைனைப் பிடுங்கினால் பெயின்ட் அடித்தாலும் தடம் தெரியும். ஜனநாயகம் திரும்பிய பிறகு, 1984-ல், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த குழு உயிர் தப்பியவர்களையே கூட்டிக்கொண்டு அங்கே போனது. படி இருந்த இடத்தில் தடம் இருந்தது.

அந்தக் குழு அன்றைக்கு எண்ணியது 8,961 பேர். 30,000 என்பது குடும்பங்களும் உரிமை அமைப்புகளும் சொல்கிற கணக்கு. இப்படியான வீடுகள் மட்டும் நாடு முழுக்க 340 என்று அந்த அறிக்கை சொன்னது.

இப்போது உங்கள் யோசனைக்கு வருகிறேன். 1998-ல் அந்த நாட்டு ஜனாதிபதி மெனெம் நீங்கள் சொன்னதையே சொன்னார். எஸ்மாவை இடித்துவிடுவோம், பசுமையாக ஓர் இடம் ஆக்குவோம், தேச ஒற்றுமைக்கு ஒரு சின்னம் வைப்போம் என்று உத்தரவும் போட்டார். பிள்ளையை இழந்தவர்களும் கணவனை இழந்தவர்களும் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினார்கள். புல்வெளியை யாரும் வெறுக்கவில்லை. ‘என் மகன் எங்கே என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அதற்குள் சாட்சியை ஏன் இடிக்கிறீர்கள்’ என்பதுதான் அவர்கள் கேள்வி. கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. 2004-ல் கடற்படையிடமிருந்து வளாகம் கைமாறியது. 2017-ல் வந்த ஒரே தீர்ப்பில் 29 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. 1998-ல் இடித்திருந்தால் எல்லாம் போயிற்று என்று நான் சொல்லவில்லை, சாட்சிகள் இருந்தார்கள். ஆனால் 40 வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி ‘இங்கேதான்’ என்று சொல்கிற கிழவிக்கு அந்தச் சுவர் எவ்வளவு பெரிய துணை!

சிலி நாட்டுக் கதையும் இதே ஜாதிதான். சான்டியாகோவில் லோந்த்ரெஸ் என்ற தெருவில் 38-ம் எண் வீடு. 1973-ல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு அவருடைய டீனா என்ற ரகசியப் போலீஸ் அதை எடுத்துக்கொண்டது. உள்ளே கொண்டுபோனவர்களுக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கண்கட்டுக்குக் கீழே மூக்கோரமாக ஒரு கோடு வெளிச்சம் வருமே, அதில் கறுப்பும் வெள்ளையுமாகத் தரை தெரிந்திருக்கிறது. பக்கத்தில் ஏதோ சர்ச் மணி அடித்திருக்கிறது. சதுரங்கத் தரை, சர்ச் மணி, இந்த இரண்டையும் வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். மணி, சான் பிரான்சிஸ்கோ மாதா கோயிலுடையது. அரசாங்கம் சும்மா இருக்குமா? கதவு எண்ணை 38-லிருந்து 40 ஆக்கிவிட்டது. நம்ம பக்கம் வீட்டு வரி ஆபீசில் பழைய நம்பர், புது நம்பர் என்று குழப்புவார்களே, அந்தக் குழப்பத்தையே ஓர் ஆயுதமாக்கிய ஆட்சி. இன்று 38 திரும்பி வந்துவிட்டது. வாசலில் தெருக்கற்களுக்கு நடுவே இறந்தவர்களின் பெயர் பொறித்த தகடுகள் பதித்திருக்கிறார்கள். உள்ளே மேஜை நாற்காலி, பொம்மை, ரத்தக்கறை மாதிரி பெயின்ட், எதுவும் இல்லை. காலி அறைகள். தரை மட்டும்தான். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆள் கீழே பார்த்தே நடக்கிறான்.

நீங்கள் பார்த்த பெர்லின் சிறைக்கு வருவோம். ஹோஹென்ஷோன்ஹவுசன். நான் போனது ரோஸ்டாக்கில் கப்பல் நின்றபோது, ரயிலேறி. நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் நகர வரைபடத்தில் அந்தப் பகுதியே கிடையாது. வெறும் வெள்ளை. ஆட்களைக் கொண்டுவந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள், பார்காஸ் என்ற சின்ன வேன். நம்ம மினி லோடு வண்டியை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ஜன்னல் இல்லாத ஐந்து அறை. முட்டி இடிக்கும். வெளியே மீன் கடை வண்டி, ரொட்டி வண்டி என்று எழுதியிருக்கும். ரொட்டி வண்டி போகிறது என்று தெருவில் வழிவிடுவார்கள். ஊருக்குள்ளேயே மணிக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் சிறைக்குள் போகும். உள்ளே இருப்பவர் எங்கோ போலந்து எல்லைக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். அவருடைய வீடு நாலு ஸ்டாப் தள்ளி இருந்திருக்கும்.

தாழ்வாரத்தில் சிவப்பு, பச்சை விளக்கு இருந்தது நினைவிருக்கிறதா? ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு போகும்போது சிவப்பு எரியும், இன்னொருவரை எதிரே கொண்டுவரக் கூடாது. வருஷக்கணக்கில் இருந்தவர்கூடச் சக கைதி முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். ஜன்னலில் கண்ணாடிச் செங்கல், வெளிச்சம் வரும், வானம் தெரியாது. ராத்திரி மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், கைகள் போர்வைக்கு வெளியே. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு அடி விழாது, காயம் இருக்காது. ஆரம்ப காலத்தில், ரஷ்யர்கள் நடத்தியபோதும் 1950-களிலும், நிலவறையில் அடியும் தண்ணீரும் உண்டு. அப்புறம் அறிவியல் முறைக்கு மாறிவிட்டார்கள். இதை ஒரு புத்தகத்தில் படித்தால் ‘ஓ அப்படியா’ என்று அடுத்த பக்கம் போய்விடலாம். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால் போக முடியாது.

எங்களைச் சுற்றிக்காட்டியவர் அங்கேயே கைதியாக இருந்தவர். அந்த இடத்தின் உயிரே அதுதான். 1994-லிருந்து பழைய கைதிகள் பலர் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். இன்னொன்று, அந்தச் சிறையின் பழைய அதிகாரிகள் பலர் அதே பேட்டையில் குடியிருந்தார்கள். 2006-ல் சிறையைச் சுற்றி விவரப் பலகை வைப்பது பற்றி ஒரு பொதுக்கூட்டம் நடந்தபோது, அவர்கள் கூட்டமாக வந்து இதெல்லாம் பொய் என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். வதைத்தவரும் வதைபட்டவரும் ஒரே கடையில் ரொட்டி வாங்குகிற ஊர். இடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அங்கே யாருக்குத் தோன்றியிருக்கும், சொல்லுங்கள்.

இடம் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். 1989 டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் என்ற ஊரில் ஸ்டாசி ஆபீஸ் புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்து, ஃபைல்களை எரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு சில பெண்கள் கிளம்பிப் போய் வாசலை மறித்தார்கள். அங்கே ஆரம்பித்தது, அடுத்த ஜனவரி 15-ல் பெர்லின் தலைமையகம் வரை மக்கள் புகுந்தார்கள். அப்படிக் காப்பாற்றிய காகிதங்களை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். இங்கிருந்து திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை. கிழித்துப் போட்டவை தனி, கிட்டத்தட்ட 16,000 மூட்டை. 1992 ஜனவரியிலிருந்து யாரும் போய்த் தன் ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படித்துப் பார்த்து, தன்னைப் பற்றி எழுதிக்கொடுத்தது சொந்தப் புருஷன் என்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

லைப்சிக் மியூசியத்தில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஊறுகாய் போடுகிற மாதிரி மூடிபோட்ட கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணி ஒரு துண்டு. மனிதர்களுடைய வாசனை! சந்தேகப்படுகிறவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது அவர் உட்கார்ந்த நாற்காலியில் துணியை வைத்து எடுத்து, ஜாடியில் போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பின்னால் ஏதாவது நோட்டீஸ் கிடைத்தால் நாயை விட்டு மோப்பம் பிடிக்க. எங்கள் வீட்டில் ஆவக்காய் ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடுகிறது. வீட்டம்மாவிடம் சொன்னேன், ‘வேற வேலை இல்ல உங்களுக்கு’ என்றார்.

எல்லாரும் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியிலேயே ஹிட்லருடைய கெஸ்டாபோ தலைமையகம் இருந்த நிலம், போருக்குப் பின் இடிபாடுகளை வெடிவைத்துத் தகர்த்த பிறகு, லைசென்ஸ் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகுகிற மைதானமாகக் கிடந்தது. 1985-ல் ஊர்க்காரர்கள் சிலர் மண்வெட்டியோடு போய்த் தோண்டினார்கள். நிரந்தரக் கட்டடம் எழும்பி நிற்க 2010 ஆயிற்று. மாஸ்கோவில் சோவியத் ரகசியப் போலீஸ் இருந்த லுபியாங்கா கட்டடத்தில் இன்றும் உளவுத்துறைதான் உட்கார்ந்திருக்கிறது. எதிரே சோலோவெட்ஸ்கித் தீவு முகாமிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லை 1990-ல் வைத்தார்கள். அதை வைக்கப் பாடுபட்ட மெமோரியல் அமைப்பையே 2021 டிசம்பரில் கலைக்கச் சொல்லிவிட்டது கோர்ட். கல் இருக்கிறது, கல்லைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இடம் இல்லை.

லிஸ்பனில் என்ன நடந்தது? போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசார் காலத்து ரகசியப் போலீஸ், பெயர் பீடே. ராணுவமே அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 அன்று ஊரே சிப்பாய்களுக்கு கார்னேஷன் பூ கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் தங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கூட்டத்தின் மேல் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது பணக்கார அபார்ட்மென்ட். சுவரில் ஒரு தகடு உண்டு, தேடினால் கிடைக்கும். நான் போய் நின்றபோது யாரோ ஒருவர் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதே ஊரில் அல்ஜூபே என்ற பழைய சிறையை 2015-ல் மியூசியம் ஆக்கினார்கள், அது நன்றாகவே இருக்கிறது.

புடாபெஸ்ட்டில் நேர் எதிர்ப்பக்கத் தப்பு. ஆன்ட்ராஷி சாலை 60-ம் எண், முதலில் ஹங்கேரிய நாஜிகள், பின்னால் கம்யூனிஸ்ட் ரகசியப் போலீஸ் என்று இரண்டு கூட்டமும் குடியிருந்த வீடு. 2002 பிப்ரவரியில் மியூசியமாகத் திறந்தார்கள், ஏப்ரலில் தேர்தல். உள்ளே பீரங்கி வண்டி, இசை, விளக்கு ஜாலம். நாஜிகளுக்கு ஒன்றிரண்டு அறை, மிச்சம் எல்லாம் கம்யூனிஸ்ட்களுக்கு. வரலாற்றாசிரியர்கள் அன்றைக்கே குறை சொன்னார்கள். என்னுடைய கருத்து, இந்த மாதிரி இடத்தில் இசை போட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். யாரோ உங்களிடம் எதையோ விற்கிறார்கள்.

ஆக, உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. சென்ட்ரல் ஜெயில்.

1837-ல் கட்டியது. 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009-ல் இடித்தார்கள். அது ரகசிய இடம் இல்லை. பார்க் ஸ்டேஷனில் இறங்கிய எல்லாருக்கும் தெரியும். சுபாஷ் போஸ் இருந்தார், அண்ணா இருந்தார், கலைஞர் இருந்தார், ஜெயலலிதாவும் இருந்தார். இடம் தெரிந்ததுதான். ஆனால் உள்ளே நடந்தது வெளியே தெரியாமல் போன ஒரு காலமும் உண்டு. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அன்றிரவிலிருந்தே மிசாவில் கைது. பிப்ரவரியில் அந்தச் சிறைக்குள் கைதிகளை அடித்த அடி, மு.க. ஸ்டாலின் வாங்கிய அடி, அவர் மேல் விழ இருந்ததைத் தன் மேல் வாங்கிக்கொண்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1977 ஜனவரியில் அவர் இறந்தது, இதெல்லாம் வடசென்னையில் ஒவ்வொரு டீக்கடை பெஞ்சுக்கும் தெரியும். பத்திரிகையில் தணிக்கை இருந்ததால் அன்றைக்கு வாய்வழியாகத்தான் பரவியது.

நெருக்கடி நிலை போனபின் அதை விசாரித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவர். அவர் கைதிகளையும் காவலர்களையும் உட்காரவைத்துக் கேட்டு, அடித்தார்கள் என்று எழுதிவைத்துவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், சுவர் போனாலும் இங்கே சாட்சி முழுசாகப் போகவில்லை, காகிதத்தில் நிற்கிறது. காகிதம் எவ்வளவு சுலபமாகத் தொலையும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. நாடு முழுவதற்குமான ஷா கமிஷன் அறிக்கை எங்கே தேடினாலும் கிடைக்காத பொருளாகிவிட்ட நிலையில், நம்ம இரா. செழியன் தன்னிடமிருந்த பிரதியை வைத்து 2010-ல் மறுபடி அச்சிட்டார். ஒரு மனிதர் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்ததால் வந்தது.

ரகசிய வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று நம்ம நாட்டிலும் நடந்தது, ஆனால் சென்னையில் அல்ல, கேரளத்தில். கோழிக்கோடு ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. அப்பா ஈச்சர வாரியர், ஓர் ஆசிரியர், ஒவ்வொரு வாசலாக ஏறினார். 1977-ல் ஆட்கொணர்வு மனு போட்டபோது அரசாங்கம் சொன்ன பதில், அப்படி ஒரு பையனைப் பிடிக்கவே இல்லை. பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கோர்ட்டில் வந்து சொன்னார்கள். முதல்வர் கருணாகரன் பதவி போயிற்று. பையனுடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எல் சிலென்சியோவும் கக்கயமும் ஒரே அளவு என்று சொல்லமாட்டேன், அது அபாண்டம். ஆனால் ‘பிடிக்கவே இல்லை’ என்ற வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வடசென்னையில் இப்படிப்பட்ட நினைவுக்கு எங்கே போவது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது, மூலகொத்தளம் சுடுகாடு. 1938 இந்தி எதிர்ப்பில் சிறை போய், 1939-ல் அடுத்தடுத்து உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். நடராசன் சென்னைக்காரர், தாளமுத்து கும்பகோணத்துக்காரர். எழும்பூரில் பெரிய மாளிகைக்கு அவர்கள் பெயர் இருக்கிறது, தினமும் ஆயிரம் பேர் அந்தப் பெயரை பஸ் ஸ்டாப் மாதிரிச் சொல்கிறார்கள். மூலகொத்தளத்தில் அப்படி இல்லை. 2018-ல் அந்த மயான நிலத்தில் குடிசை மாற்று வாரிய வீடுகள் கட்டப் போனபோது எதிர்ப்புக் கிளம்பியது. வீடு வேண்டும் என்பதும் நியாயம், சமாதி என்பதும் நியாயம். உங்கள் கேள்வி அங்கே வந்து நின்றால் எனக்கும் சட்டென்று பதில் வராது.

கடைசியாக ஒன்று. 2009-ல் சென்ட்ரல் ஜெயிலை இடிப்பதற்கு முன்னால் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ஏதோ தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரிக் கூட்டம், குழந்தை குட்டியோடு. நான் லீவில் இருந்தேன். சித்தப்பா ‘என்னையும் கூட்டினு போ’ என்றார். ஹார்பரில் வேலை பார்த்தவர், இளவயதில் ஒரு ஸ்டிரைக்கில் பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்திருக்கிறார். அதைப் பற்றிப் புகாராக ஒன்றும் சொல்லமாட்டார், களிக்கு உப்பு போடமாட்டான் என்பதைத் தவிர. உள்ளே போனதும் யாரையும் கேட்காமல் ஒரு பிளாக்குக்கு நடந்தார். ஓர் அறை வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் யாரோ ஒரு பையன் கம்பியைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

‘இன்னா சித்தப்பா?’ என்றேன்.

‘இரு. கும்மிடிப்பூண்டி வண்டி போவும்.’

ராத்திரியில் வாட்ச் இல்லாமல் படுத்துக்கிடந்தபோது, வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் மணி பார்ப்பாராம். கொஞ்ச நேரத்தில் ஹார்ன் கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்து மதிலை மேலும் கீழும் பார்த்தார்.

‘சத்தம் அதேதான்டா. செவுருதான், அப்போ இன்னும் ஒசரமா இருந்துச்சு’ என்றார்.